தோண்டியவன் கடன்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர், "நீங்கள் விஞ்ஞான மாணவர் ஆயிற்றே, அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ எழுதுங்களேன்" என்றார். சரளைக் குழியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் தவறில்லை. அணு பெரிய பொருள். சரளைக் குழி சிறிய பொருள். ஆனால் சிறியது என்று எல்லோரும் கைவிட்டதனாலேயே அது தீங்காய் முடிகிறது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

நாம் காலையில் வகுப்புக்கு நடந்து செல்லும் பாதையின் அடியில் சரளை இருக்கிறது. நாம் உறங்கும் விடுதியின் தளத்துக்கு அடியிலும் இருக்கிறது. ஊரிலிருந்து தில்லிக்கு நம்மைக் கொண்டுவந்த இரயிலின் தண்டவாளம் ஜல்லியின் மேல் கிடக்கிறது. இவையெல்லாம் எங்கோ ஓரிடத்தில் தோண்டி எடுக்கப்பட்டவை. எடுத்த இடம் பிறகு என்ன ஆயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சென்ற குளிர்காலம் வரையில் நானும் கேட்டதில்லை.

சென்ற ஜனவரியில் சங்க நண்பர்கள் பன்னிருவர் தெற்குத் தில்லியிலுள்ள அசோலா பட்டி சரணாலயத்தைக் காணச் சென்றோம். தில்லிக் கொத்தனார்கள் 'பதர்ப்பூர்' என்று ஒரு பருமணலைச் சொல்வார்கள். ஆரவல்லிக் குன்றுகளின் பாறை உதிர்ந்து உண்டாகும் செந்நிற மணல் அது. தலைநகரத்து வீடுகளுக்காக அந்த மணலைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்த இடமே பட்டி. 1991-இல் அவ்விடம் சரணாலயத்தோடு சேர்க்கப்பட்டது. தோண்டுவது நின்றது, தோண்டிய குழிகள் அப்படியே நின்றன.

அவற்றுள் சில இன்று நீல நிறமாக நீர் நிறைந்து, பார்ப்பவர் கண்ணைப் பறிக்கின்றன. எங்களுள் ஒருவர் காவிரிக்கரைக்காரர். நீரைக் கண்டதும் அவருக்குக் குளிக்கும் ஆசை வந்துவிட்டது. காவலர் தடுத்தார். "இது குளம் அன்று, கிணறு. முதல் அடியில் கால் எட்டும், இரண்டாவது அடியில் எட்டாது" என்று அவர் இந்தியில் சொன்னதன் பொருளை நான் நண்பருக்கு விளக்கினேன். ஃபரிதாபாத் பக்கத்துப் பழைய சுரங்கக் குழிகளில் குளிக்கப் போன இளைஞர்கள், மாணவர்கள் உட்பட, பலமுறை மூழ்கி இறந்திருக்கிறார்கள் என்பதைப் பத்திரிகை படிப்பவர் அறிவர்.

ஏரியை வெட்டியவனும் மண்ணைத்தான் வெட்டினான். ஆனால் அவன் கரை போட்டான், மதகு வைத்தான், கால்நடை இறங்கிப் போக ஒரு பக்கத்தைச் சரிவாக விட்டான். மண்ணை விற்க வெட்டியவனுக்கு இவை எதிலும் நோக்கமில்லை. வேண்டிய மண் கிடைத்ததும் அவன் போய்விட்டான். பட்டியில் மீண்டும் பசுமையை உண்டாக்க 2000-இல் பிராந்திய சேனையின் சூழல் பணிப்படை ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. மணலை விற்ற காசு ஒருபால் போயிற்று. மண்ணை மீட்கும் செலவு பொதுமக்கள் தலையில் விழுந்தது.

அந்த நீல நீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கடலையும் துவரையும் விளையும் மானாவாரிச் செம்மண். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது சாலைப் பணிக்குச் சரளை வேண்டும் என்று ஒரு குத்தகைக்காரர் வந்தார். எங்கள் நிலத்தில் ஒரு ஹெக்டேர் அளவை அவருக்குக் கொடுத்தோம். "ஐயா, குழி ஒன்றும் வீண்போகாது, மழை பெய்தால் குளமாகிவிடும், மீன் வளர்த்துக்கொள்ளலாம்" என்று அவர் என் தந்தையாரிடம் சொன்னார். பொக்லைன் வந்தது, லாரிகள் வந்தன, பதினெட்டு மாதங்களில் வேலை முடிந்தது. அந்தப் பணத்தில்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். இதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

குழி இன்றும் இருக்கிறது. மீன் இல்லை. மழைக்காலத்தில் சேறு கலங்கிய நீர் நிற்கிறது. கோடையில் வெடித்த கட்டாந்தரை. சென்ற ஐப்பசியில் பக்கத்து வீட்டுச் சிறுவன், ஏழு வயதுப் பிள்ளை, ஆட்டைத் துரத்திக்கொண்டு போய் விளிம்பு சரிந்து உள்ளே விழுந்தான். சுவர்போல் நிற்கும் கரையில் ஏற முடியாமல் தத்தளித்தான். புல்லறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சேலையை வீசி அவனை இழுத்துவிட்டார். தொலைபேசியில் என் தந்தையார் "நல்ல வேளை, தம்பி" என்று மட்டும் சொன்னார். வேறொன்றும் சொல்ல அவரால் முடியவில்லை.

குத்தகைக்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் விலகிக்கொள்ளலாமா? ஒப்பந்தத்தில் 'குழியைச் சீர்செய்து ஒப்படைக்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. எவ்வாறு, எந்த மாதத்துக்குள், யார் பார்த்துச் சரி என்று சொல்வது என்று ஒரு வரியும் இல்லை. கையெழுத்திட்ட நாங்களும் கேட்கவில்லை. சிறிய குழிதானே என்று நினைத்தோம்.

இந்தச் 'சிறியதுதானே' என்ற சொல் எங்கள் வீட்டில் மட்டும் வழங்குவதன்று. நாட்டின் சட்டங்களிலும் வழங்கி வந்திருக்கிறது. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், ஆழம் 6 மீட்டருக்கு மிகாமலும், ஆட்கள் 50 பேருக்கு மிகாமலும், வெடி வைக்காமலும் நடக்கும் திறந்தவெளிச் சரளைக் குழிகளுக்குப் பெரும்பாலான தன் விதிகளிலிருந்து விலக்கு அளித்திருந்தது. 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் சரளையைச் சிறுகனிமங்களுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறித்து, அதற்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. பெரிய கனிமச் சுரங்கங்களுக்கு மூடும் திட்டமும் அதற்குரிய நிதி உறுதியும் வேண்டும் என்று 2003-இல் மத்திய விதி பிறந்தது. சிறுகனிமம் அதற்கு வெளியே நின்றது.

சிறியவை பல கூடினால் பெரியதாகும் என்பதை உச்ச நீதிமன்றம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அரியானாவிலிருந்து வந்த தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரி 27-இல், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு பெரிய இடத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் சிறியது என்று காட்டித் தப்பும் வழி அதனால் அடைபட்டது. ஆயினும் 2020 மார்ச்சில் மத்திய அரசாங்கம், சாலை, குழாய்வழி போன்ற நீண்ட பணிகளுக்குச் சாதாரண மண் எடுக்க அனுமதி வேண்டா என்று அறிவித்தது. 2024 மார்ச் 21-இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கையும் நீக்கியது. சட்டம் ஒரு கதவை அடைப்பதும் மறு கதவு திறப்பதுமாக இருப்பதைப் பார்க்கும்போது, சட்டத்தை மட்டும் நம்பி நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாகாது என்று தோன்றுகிறது.

அப்படியானால் சரளையே எடுக்கலாகாதா? சில நண்பர்கள் அவ்வாறு வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஊருக்குச் சாலை வந்த பிறகுதான் பிரசவத்துக்குப் போகும் பெண்களை வண்டி ஏற்றி நேரத்தில் மருத்துவமனை சேர்க்க முடிந்தது. அந்தச் சாலைக்குச் சரளை வேண்டும். முற்றிலும் தடுத்தால் பகலில் நிற்கும் லாரி இரவில் ஓடும். அப்போது குழிக்குக் கணக்கும் இராது, பொறுப்பும் இராது. வேண்டுவது தடை அன்று, ஒழுங்கு. குழியை மூடும் வேலை கடைசி லாரி போன பிறகு தொடங்குவதன்று, முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே தொடங்குவது என்ற ஒழுங்கு.

அந்த ஒழுங்கை விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, மேல்மண். ஒரு சாண் மேல்மண் உண்டாக இயற்கைக்குப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. விதையும் வேரும் நுண்ணுயிரும் வாழ்வது அதில்தான். சரளையை எடுக்குமுன் அதை வழித்துத் தனியே குவிக்க வேண்டும். அதற்குக் கீழுள்ள அடிமண்ணை வேறிடத்தில் குவிக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். மேல்மண் குவியலை மலைபோல் உயர்த்தினால் உள்ளே காற்றில்லாமல் அதன் உயிர் போய்விடும். ஆகையால் ஆள் உயரத்துக்குச் சற்று மேற்படாமல் தாழ்வாகக் குவித்து, கொழுஞ்சி விதைத்து வைத்தால், மழையும் காற்றும் அதைக் கொண்டு போகா. எங்கள் நிலத்தில் இந்த மேல்மண்ணும் சரளையோடு சேர்ந்து லாரி ஏறிற்று. நாங்கள் இழந்தவற்றுள் பெரியது அதுவே.

இரண்டாவது, எல்லையும் நீரும். அடுத்தவர் பட்டா நிலத்தின் எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் குத்தகைகளில் வழக்கமான நிபந்தனை. அதைக் கயிறு கட்டி, கல் நட்டுக் காட்ட வேண்டும். மேட்டுப் பக்கத்தில் ஒரு வரப்பும் வாய்க்காலும் போட்டு மழைநீரைக் குழிக்குள் விழாமல் திருப்ப வேண்டும். குழிக்குள் கலங்கிய நீர் ஊர்க் கண்மாய்க்குள் போகாதபடி ஒரு சிறு தேக்கத்தில் தெளிய விட வேண்டும். மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் எந்த மட்டம் வரை ஏறுகிறது என்று பார்த்து, அதற்கு மேலேயே தோண்டுவதை நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் ஊர்க்கிணற்றின் நீரையே திறந்த வெயிலில் காயப் போட்டவர் ஆவோம்.

மூன்றாவது, கரை. 1961-இல் வகுக்கப்பட்ட சுரங்க ஒழுங்குமுறை விதிகள், சரளை போன்ற உதிரி மண்ணில் பக்கங்களை 45 பாகைக்கு மேற்படாத சரிவாக வெட்ட வேண்டும், அல்லது உயரம் 1.5 மீட்டருக்கு மிகாத படிகளாக வெட்ட வேண்டும் என்று கூறின. படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையலாகாது. விலக்குப் பெற்ற சிறு குழிகளுக்கு இது கட்டாயமில்லாது போயிற்று. ஆனால் சரிகிற மண்ணுக்கு விலக்கு தெரியாது. அடியைக் குடைந்து மேலைச் சரியவிட்டு எடுப்பது வேலையை விரைவாக்கும். அடியில் நிற்கிற தொழிலாளியின் உயிரைத்தான் அந்த விரைவுக்கு விலையாக வைக்கிறோம். வேலை நடக்கும்போது இந்தப் படிகள் போதும். வேலை முடிந்தபின் ஆடும் குழந்தையும் ஏறி வரும்படி இன்னும் தாழ்ந்த சரிவு வேண்டும்: ஒரு மீட்டர் இறக்கத்துக்கு மூன்று மீட்டர் ஓட்டம்.

நான்காவது, பகுதி பகுதியாக எடுப்பது. ஒரு ஹெக்டேரை நான்கு கீற்றுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதற்கீற்றில் சரளை தீர்ந்ததும் இரண்டாவதன் மேல்மண்ணை வழித்து நேரே முதற்கீற்றின் மேல் பரப்பலாம். மண்ணை இருமுறை சுமக்கும் கூலி மிச்சம். லாரி ஓடி இறுகிய தரையின் மேல் மண்ணைப் போட்டால் வேர் இறங்காது. ஆகையால் முதலில் ஆழ உழுது இளக்க வேண்டும். இந்த முறையில் எந்த நாளிலும் திறந்து கிடப்பது குழியின் ஒரு பகுதியே. குத்தகைக்காரர் நடுவில் ஓடிப்போனாலும் ஊருக்கு மிஞ்சுவது முழுக்குழி அன்று.

'இவ்வளவும் செய்தால் சின்னக் குழிக்குக் கட்டுப்படியாகுமா?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லை ஓரத்தை விட்டபின் 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள இடத்தில் 2 மீட்டர் ஆழம் சுவர்போல் வெட்டினால் கிடைப்பது 20,000 கன மீட்டர். நான்கு பக்கமும் ஒன்றுக்கு மூன்று சரிவு விட்டால் அடித்தளம் 88 மீட்டர்ச் சதுரமாகும். கிடைப்பது 17,696 கன மீட்டர். சரிவுக்காக விடுவது 2,304 கன மீட்டர், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் குறைவு. மேல்மண் 30 சென்டிமீட்டர் கனம் என்றால் 3,000 கன மீட்டர். சரளையை எடுக்க அதை எப்படியும் தள்ளித்தான் ஆக வேண்டும்; நாம் கேட்பது, தள்ளுவதை நல்ல இடத்தில் தள்ளு என்பதே. எட்டில் ஒரு பங்கு இலாபத்தை விட்டால் ஒரு நிலம் நிலமாகவே இருக்கும். அதையும் விடமுடியாது என்கிற தொழில், தன் செலவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மேல் ஏற்றித்தான் இலாபம் காட்டுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பச்சையாக்குவது வேறு, மீட்பது வேறு. எங்கள் குழியின் விளிம்பில் இன்று பச்சைக்குக் குறைவில்லை, எல்லாம் சீமைக்கருவேலம். தில்லிக் குன்றுகளிலும் அதே மரம்தான் 'விலாயதி கீக்கர்' என்ற பெயரோடு அடர்ந்து நிற்கிறது. வடக்கிலும் தெற்கிலும் கைவிடப்பட்ட நிலத்தை முதலில் பிடித்துக்கொள்வது அதுவே. அது தானாக வந்ததைக் காட்டி, 'மரம் வளர்ந்துவிட்டது, கணக்கு முடிந்தது' என்று எழுதிவிடலாகாது.

மீட்பு எப்படி இருக்கும் என்று காண விரும்புவோர் குருகிராமுக்குப் போய் வரலாம். அங்குள்ள ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்கா ஒரு காலத்தில் சுரங்கம் நடந்த இடம். ஏறத்தாழ 390 ஏக்கர். 2010 முதல் ஊர்மக்களும் நகராட்சியும் சேர்ந்து, ஆரவல்லிக்கே உரிய 'தவ்' முதலிய மரங்களின் விதைகளைத் தேடி எடுத்து, நாற்றாக்கி, நட்டு வளர்த்தார்கள். 2022-இல், சரணாலயங்களுக்கு வெளியே உயிர்ப்பன்மையைக் காக்கும் இடம் என்ற தகுதி நாட்டிலேயே முதலாவதாக அதற்குக் கிடைத்தது. செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் தோண்டியவர் தோண்டியபோதே செய்திருந்தால் பின்வந்தோர் இத்தனை பாடுபட்டிருக்க வேண்டாம் என்பதற்கும் அதுவே சான்று.

ஆகவே என் கருத்து இதுதான். குத்தகை கொடுக்குமுன் மூடும் செலவை மதிப்பிட்டு, அந்தத் தொகையை முன்பணமாக வங்கியில் கட்டச் செய்ய வேண்டும். குழி என்னவாக வேண்டும் என்பதை, தாழ்ந்த வயலா, மேய்ச்சல் நிலமா, படி வைத்த குளமா என்பதை, தோண்டுமுன்பே கிராம சபையில் பேசி முடிவு செய்ய வேண்டும். வேலை முடிந்து இரண்டு மழைக்காலம் கழிந்தபின், கரை சரியாமலும் விதைத்தது முளைத்தும் இருப்பதை அதே சபை பார்த்து ஒப்புக்கொண்டால்தான் முன்பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். உடனே ஒப்படைத்தால் போதும் என்றால், புல்லைத் தூவிப் புகைப்படம் எடுத்துக் காட்டிவிடுவார்கள். மழை பொய் சொல்லாது.

இம்மலரைப் படிக்கும் நம்மில் பலர் நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். சிலர் நாளை பொறியாளர்களாகவும் அதிகாரிகளாகவும் அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திடப் போகிறவர்கள். உங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றுமன்று. வீட்டில் இப்படி ஒரு பேச்சு எழும்போது, 'மேல்மண்ணை எங்கே வைப்பீர்கள்? கரையை எப்படி விடுவீர்கள்? மூடப் பணம் எங்கே?' என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அன்று கேட்க ஆளில்லை. எனக்குப் பதினைந்து வயது. கல்லூரிக் கனவு மட்டுமே கண்ணில் இருந்தது.

வருகிற மே விடுமுறையில் ஊருக்குப் போகிறேன். மாலை வேளைகளில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த சிறு தொகை கையில் இருக்கிறது. பொக்லைனுக்குச் சில நாள் வாடகைக்குத்தான் அது காணும். பாதையை ஒட்டிய வடக்குக் கரையைத்தான் முதலில் சரிவாக்கப் போகிறோம். குழந்தைகள் வருவது அந்தப் பக்கம். பிறகு அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலைக் கொண்டுவந்து பரப்பி, முதல் மழைக்குக் கொழுஞ்சி விதைக்க வேண்டும். மற்ற மூன்று கரைகளுக்கு இன்னும் எத்தனை கோடை ஆகும் என்பது பணத்தைப் பொறுத்தது. "உன் படிப்புக்கு ஆன செலவை நீ திருப்ப வேண்டாம் தம்பி" என்று என் தந்தையார் சொல்கிறார். நான் திருப்புவது அவருக்கு அன்று, நிலத்துக்கு.